கையொப்பத்தின் கீழ் ஒரு வரி

கடிதம் எழுதுவதற்கென்று நம்மிடையே நெடுங்காலமாக ஒரு முறை இருந்து வருகிறது. தலைப்பில் பிள்ளையார் சுழி, வலப்புறத்தில் ஊரும் தேதியும், பின்னர் விளி, அதன்பின் செய்தி, முடிவில் ‘இப்படிக்கு’ என்று தொடங்கிக் கையொப்பம். உள்நாட்டு அஞ்சல் தாளின் புறத்தே ‘அனுப்புநர்’ என்று ஓரிடம் விட்டிருப்பார்கள். அங்கே நம் பெயரையும் முகவரியையும் எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. வணிகர்கள் மட்டும் இன்னும் ஒரு படி மேலே சென்று, கடையின் பெயர், விற்கும் சரக்கு, கிளைகள் உள்ள ஊர்கள் ஆகிய அனைத்தையும் தாளின் தலைப்பிலேயே அச்சிட்டுக்கொண்டார்கள்.

மின்னஞ்சல் வந்த பிறகு, தலைப்பில் இருந்த இந்த விவரமெல்லாம் அடிக்கு இறங்கிவிட்டது. ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், நாம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும் சில வரிகளுக்கு இன்று கையொப்பம் என்றே பெயர் வழங்குகிறது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பேசும் இலக்கமுறைக் கையொப்பம் வேறு. அது ஆவணத்தின் உண்மையை மெய்ப்பிக்கும் முத்திரை. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது, வீட்டு வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் போன்ற சில எளிய வரிகளை.

இந்த வரிகளைக் கொண்டு நம்முடைய சொந்தப் பணியை, அதாவது நாம் எழுதிய நூலை, நடத்தும் இசை வகுப்பை, நெய்யும் துணியை, இவை பற்றிய வலைத்தளத்தைப் பிறருக்கு அறிவிக்கலாமா? அறிவிக்கலாமெனில் எந்த அளவுக்கு? சிறிய விஷயமாகத் தோன்றினும், இதில் அடங்கியிருப்பது சிறிதன்று. பெரிய நிறுவனங்கள் தம் சரக்கைப் பற்றிச் சொல்லத் தொலைக்காட்சியும் செய்தித்தாளும் உண்டு. தனியாக உழைப்பவருக்கு அவ்வளவு பொருள் ஏது? அவருடைய நல்ல பணி யாருக்கும் தெரியாமலே கிடந்து மறைந்துபோவதுண்டு. அவர் கையில் செலவில்லாத சாதனம் ஒன்று இருக்குமானால், அதைப் பயன்படுத்தும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

முதலில் இந்த வழக்கம் வந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். கணிப்பொறிகளுக்கிடையே கடிதப் போக்குவரத்து தொடங்கிய நாட்களில் இணைப்பு மெதுவாக இருந்தது. பலர் நிமிடக் கணக்கில் பணம் கட்டிப் படித்தார்கள். பிறருடைய நீண்ட கையொப்பத்தைப் படிப்பதற்குத் தம் பணத்தைச் செலவிட யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே கையொப்பம் 4 வரிக்கு மேல் போகலாகாது என்றொரு மரபு ஏற்பட்டது. இணையத்தில் பழகும் மரியாதைகளைத் தொகுத்து 1995ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ஒரு குறிப்பேட்டிலும், நிமிடக் கட்டணத்தை நினைவூட்டி, இந்த 4 வரி அளவைக் கூறியிருக்கிறார்கள். அன்றைய திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள். ஆக, ஒரு மனிதர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அன்று கிடைத்த இடம் சுமார் 320 எழுத்துகள்தாம். இன்று ஜிமெயில் கையொப்பத்திற்கு 10,000 எழுத்துகள் வரை இடம் தருகிறது. இடம் இருக்கிறதே என்று வீடு நிறையச் சாமான்களை வாங்கி அடைப்பாருண்டோ?

இன்னொரு நல்ல வழக்கமும் அக்காலத்தில் தோன்றியது. கையொப்பத்திற்கு மேலே இரண்டு சிறு கோடுகளும் ஓர் இடைவெளியும் மட்டும் கொண்ட தனி வரி ஒன்றை இடுவார்கள். ‘செய்தி இத்துடன் முடிந்தது, கீழே வருவது என்னைப் பற்றியது, விரும்பினால் படிக்கலாம்’ என்பது அதன் பொருள். இந்த அடையாளத்தைக் கண்டால், பதில் எழுதும்போது கையொப்பத்தைத் தாமே நீக்கிவிடும் மின்னஞ்சல் செயலிகளும் உண்டு. செய்தியையும் விளம்பரத்தையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து வைத்த அந்த நாகரிகம் நம் கருத்தில் இருத்தற்குரியது.

கடிதத்தின் அடியில் நிற்கும் ஒரு வரிக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை உலகம் கண்டது 1996ஆம் ஆண்டில். பெங்களூரில் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறிய சபீர் பாட்டியா என்பவரும், அவருடைய தோழர் ஜாக் ஸ்மித்தும் சேர்ந்து, அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் ஹாட்மெயில் என்னும் மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முதல் கொடுத்த டிம் டிரேப்பர் ஒரு யோசனை சொன்னார்: ‘இச்சேவை மூலம் செல்லும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இலவச மின்னஞ்சலை நீங்களும் பெறலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.’ பிறருடைய கடிதத்தில் நாம் எழுதுவதா என்று அவர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு இசைந்தார்கள். ஒன்றரை ஆண்டு கழிந்து, 1997ஆம் ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஹாட்மெயிலை வாங்கியபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். விலை சுமார் 40 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

அந்த ஒரு வரி அத்தனை பேரை எப்படி அழைத்து வந்தது? அதில் சொல்லழகு ஒன்றும் இல்லை. அது வந்து சேர்ந்த இடந்தான் காரணம். நண்பர் எழுதிய கடிதத்தின் கீழே இருந்ததால் மக்கள் அதைப் படித்தார்கள். நண்பர் பயன்படுத்தும் சேவை என்பதால் நம்பினார்கள். சுவரில் ஒட்டிய விளம்பரத்துக்கு இந்தப் பேறு கிடைப்பதில்லை. கையொப்ப வரியின் வலிமை முழுவதும், கடிதம் பெறுபவர் நம்மீது வைத்திருக்கும் மதிப்பிலிருந்து கடனாகப் பெற்றது. இதை மறந்து அக்கடனை அளவின்றி வாங்குவோமாயின், வரியையும் படிக்கமாட்டார்கள். நாளடைவில் கடிதத்தையும் படிக்கமாட்டார்கள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘நம் பணியைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது தற்புகழ்ச்சி அல்லவா? பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?’ என்று தயங்குவோர் நம்மவரில் பலர். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது உண்மையே. மல்லிகையின் மணம் தெருக்கோடிவரை செல்லும். ஆனால் கணிப்பொறிக்குள் கிடக்கும் ஒரு மொழிபெயர்ப்புக்கு மணம் ஏது?

தற்புகழ்ச்சி பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அரிய நூல்கள் பலவற்றைச் செய்து முடித்த புலவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்று விதிக்கிறார். ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே விதிவிலக்கும் தருகிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், எதிரி தன்னைப் பழிக்கும் காலத்திலும், புலவன் தன் தகுதியைத் தானே எடுத்துரைக்கலாம் என்பது அவர் முடிவு. இந்த நான்கில் இரண்டு நம் பொருளுக்கு நேராகப் பொருந்துவதைக் காணலாம். ஒன்று, ஓலை; மற்றொன்று, நம்மை அறியாதவர். நம்மை இன்னார் என்று அறியாத ஒருவருக்கு ஓலை அனுப்புகையில், நாம் செய்யும் பணி இது என்று கூறுவது குற்றமன்று. அறிவிப்பது வேறு, புகழ்வது வேறு. ‘இந்திச் சிறுகதைகளைத் தமிழில் தருகிறேன்’ என்பது அறிவிப்பு. ‘இணையற்ற மொழிபெயர்ப்பாளன்’ என்பது புகழ்ச்சி. புகழ்ச்சியைப் பிறர் வாய்க்கு விட்டுவிட வேண்டும். சிறப்புப் பாயிரம் பாடுதற்கு உரியவர் ஆசிரியர், உடன் கற்றோர், மாணாக்கர், உரைகாரர் என்று பிறரைத்தானே இலக்கணம் சுட்டுகிறது?

அந்தச் சிறப்புப் பாயிரத்தில் இன்னின்ன செய்திகள் வர வேண்டும் என்று நன்னூல் வகுத்த எட்டில் நான்கை எடுத்துக்கொண்டால், நல்ல கையொப்பத்துக்கு இலக்கணம் கிடைத்துவிடுகிறது. ஆக்கியோன் பெயர், நூலின் பெயர், அதைக் கேட்டற்குரியவர், அதனால் வரும் பயன் ஆகியவையே அந்த நான்கு. தில்லியில் வாழும் ஒருவர் இந்திக் கதைகளைத் தமிழாக்கித் தம் வலைத்தளத்தில் வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கையொப்பத்தின் முதல் வரி பெயர். இரண்டாம் வரி, ‘இந்திச் சிறுகதைகளின் தமிழாக்கம்’. மூன்றாம் வரி, ‘மாதம் ஒரு புதிய கதை, கட்டணமின்றிப் படிக்கலாம்’. நான்காம் வரி, வலைத்தளத்தின் முகவரி. இவ்வளவே போதும். யார், என்ன பணி, யாருக்கு உதவும், எங்கே கிடைக்கும் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை வந்துவிட்டது. ‘எனது தளத்துக்கு வருக’ என்று மட்டும் எழுதினால், எதற்காக வரவேண்டும் என்று படிப்பவர் கேட்பார். அவருக்கு விடை கிடைக்காது.

முகவரி ஒன்றாக இருப்பது நலம். வலைத்தளம், முகநூல், யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று வரிசையாக ஏழு முகவரிகளை அடுக்குவோர் உண்டு. ஒரே வீட்டுக்கு ஏழு வாயில் வைத்தால் விருந்தினர் எந்த வாயிலில் நுழைவது? எல்லாவற்றையும் வலைத்தளத்தின் உள்ளே வைத்துவிட்டு, அதன் முகவரியை மட்டும் கடிதத்தில் தருவதே தெளிவு. அந்த முகவரியையும் முழுமையாக, கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டும். எங்கே கொண்டு செல்கிறது என்று தெரியாத சுருக்கிய முகவரிகளைத் தொடாதீர்கள் என்று மோசடிகளுக்கு அஞ்சி எல்லோரும் எச்சரிக்கும் காலம் இது. நேர்மையான முகவரி முகத்தை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மற்றொன்றும் கருதுதற்குரியது. கடிதங்கள் அழிவதில்லை. இன்று நாம் அனுப்பும் மின்னஞ்சல் பெற்றவருடைய பெட்டியில் பத்தாண்டுகள் கிடக்கும். என்றோ ஒருநாள் பழைய கடிதமொன்றைத் தேடும்போது அவர் அந்த முகவரியைத் தொட்டுப் பார்க்கலாம். ஆகவே நீடித்து நிற்கும் முகவரியாக அது இருக்க வேண்டும். சொந்தப் பெயரில் தள முகவரி வாங்கியவர்கள் அதற்குரிய கட்டணத்தைத் தவணை தவறாமல் செலுத்த வேண்டும். செலுத்தாவிடில் அப்பெயரை வேறொருவர் வாங்கிக்கொள்ளக்கூடும். நம் பழைய கடிதங்கள் யாவும் முன்பின் அறியாத ஒருவரின் வாயிலுக்கு நம் நண்பர்களை அழைத்துச் சென்றுகொண்டிருக்கும். முடிந்துபோன விழாவையும் விற்றுத் தீர்ந்த பதிப்பையும் பற்றிய வரிகளை உடனே நீக்கிவிடுவதும் இதைச் சேர்ந்த கடமையே.

சிலர் தம் கையொப்பத்தை வண்ணப் படமாகச் செய்து வைக்கிறார்கள். பார்க்க அழகாயிருக்கும். ஆயினும் பல மின்னஞ்சல் செயலிகள், பெறுபவர் இசைவு தரும்வரை படங்களைக் காட்டுவதில்லை. அங்கே நம் பெயருக்குப் பதிலாக வெறும் கட்டம் ஒன்றே தெரியும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் கருவி, எழுத்தைப் படிக்கும். விளக்கச் சொல் இணைக்கப்படாத படத்தைக் கண்டால் ‘படம்’ என்று மட்டும் கூறி அப்பால் போய்விடும். ஆதலால் பெயரும் பணியும் முகவரியும் எழுத்தாகவே இருக்கட்டும்.

நம் நாடு பல மொழிகளின் நாடு. கௌஹாத்திக்கும் அகமதாபாத்துக்கும் செல்லும் கடிதத்தில் தமிழில் மட்டும் கையொப்பம் இருந்தால், அது படிக்கப்படாமலே போகலாம். தமிழருக்கு எழுதும்போது ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும் பொருத்தமன்று. இரண்டு மூன்று கையொப்பங்களை எழுதி வைத்துக்கொண்டு, கடிதத்துக்குத் தக்கதைத் தேர்ந்தெடுக்கும் வசதி இப்போது உண்டு. அதனைப் பயன்படுத்தலாம். கைப்பேசியில் ஒரு கையொப்பமும் கணிப்பொறியில் வேறொரு கையொப்பமும் தனித்தனியே அமைந்திருப்பதுண்டு. இரண்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. 2007இல் ஐபோன் வெளிவந்தபோது, ‘எனது ஐபோனிலிருந்து அனுப்பியது’ என்னும் வரி அதிலேயே எழுதப்பட்டு வந்தது. அதை மாற்றாமல் விட்டவர்கள், கூலியின்றிப் பிறர் சரக்குக்கு விளம்பரம் செய்தார்கள். தம் பணியைச் சொல்ல நாணியவரும் அந்த வரியை நாணமின்றிச் சுமந்ததை என்னென்பது?

இனி, எங்கெல்லாம் இவ்வரிகள் இருக்கலாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவருடைய தந்தை மறைந்த செய்தி கேட்டு ஆறுதல் எழுதுகிறோம். உருக்கமான சொற்களின் கீழே, ‘எமது புதிய நூல் 20 விழுக்காடு தள்ளுபடியில்’ என்று தானாக ஒரு வரி வந்து நின்றால், அந்த ஆறுதலுக்கு என்ன மதிப்பு? பொறி இதை அறியாது. மனிதர்தாம் அறிய வேண்டும். துக்கம், நோய், மன்னிப்பு வேண்டல், மனத்தாங்கல் ஆகியவை பற்றிய கடிதங்களில் பெயர் ஒன்றே கையொப்பமாக இருக்கட்டும். ஒரே நாளில் ஒருவருக்கொருவர் பலமுறை எழுதிக்கொள்ளும் பதில்களிலும் முழுக் கையொப்பம் வேண்டுவதில்லை. முதல் கடிதத்தில் ஒரு முறை வந்தால் போதும்.

அலுவலகக் கடிதம் அலுவலகத்துக்கு உரியது. அதன் அடியில் நம் சொந்தத் தொழிலை எழுதுவது, பிறர் சுவரில் நம் விளம்பரத்தை ஒட்டுவதாகும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், முன் அனுமதியின்றித் தனி வாணிகம் செய்வதைத் தடுக்கின்றன. அலுவலுக்கு ஊறு நேராதவாறு, எப்போதேனும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணி செய்வதை அனுமதிக்கின்றன. கதை எழுதுவது தவறன்று. அதை அலுவலகத்தின் பெயரோடு சேர்த்து அனுப்புவதே முறையன்று. தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோரும் தத்தம் நிறுவனத்தின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று. சொந்தமாகவே பதிவுபெற்ற கம்பெனி நடத்துவோர்க்கு வேறொரு கடமை உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, அடையாள எண் முதலியன வணிகக் கடிதங்களில் அச்சிடப்பட வேண்டும் என்கிறது. மின்னஞ்சலின் அடியிலும் அவற்றை எழுதிவிடுவது பாதுகாப்பு.

தனி மனிதர்கள் வீட்டு முகவரியையும் சொந்தத் தொலைபேசி எண்ணையும் கையொப்பத்தில் எழுதுமுன் சிந்திக்க வேண்டும். நாம் ஒருவருக்கு அனுப்பிய கடிதத்தை அவர் பத்துப் பேருக்கு அனுப்பலாம். அந்தப் பத்துப் பேரை நாம் அறியோம். குறிப்பாகப் பெண்கள், வகுப்பு நடத்துவதற்கென்று தனி எண் ஒன்று வைத்துக்கொள்வதே நலம். இதைப் போலவே நாம் பிறருக்குக் காட்ட வேண்டிய நேர்மையும் ஒன்றுண்டு. கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்றைக் கடிதத்தில் ஒளித்து வைத்து, யார் எப்போது திறந்து பார்த்தார் என்று உளவறியும் முறை இப்போது வழக்கத்தில் உள்ளது. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் ஒற்றனை ஒளித்து அனுப்புவது நட்பாகாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று அறிய விரும்பினால், கடிதத்தைப் பார்த்து வருவோர்க்கென்று வலைத்தளத்தில் ஒரு தனிப் பக்கம் அமைத்து, அதற்கு வருவோரை எண்ணிக்கொள்ளலாம்.

அவ்வாறு எண்ணும்போது தொகை சிறிதாக இருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. ஹாட்மெயில் கோடிக் கணக்கான கடிதங்களில் ஏறிச் சென்றது. நாம் அனுப்புவதோ நாளைக்குப் பத்துக் கடிதம். ஆனால் அந்தப் பத்துப் பேர் நம்மோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்கள். வங்கி அலுவலர், மகளின் ஆசிரியை, பழைய கல்லூரித் தோழர், நூலகப் பணியாளர் ஆகிய இவர்களில் ஒருவர் அந்த வரியைப் பார்த்து, ‘நீங்கள் மொழிபெயர்க்கிறீர்களா? எனக்குத் தெரியாதே!’ என்று கேட்டுவிட்டால், அவ்வரி தன் வேலையைச் செய்துவிட்டது. பல்லாண்டு பழகியவர்க்கும் நம் பணி தெரியாதிருப்பது அவர் குற்றமன்று. நாம் சொல்லவில்லை என்பதே காரணம்.

குடத்துள் வைத்த விளக்கு யாருக்கும் பயன்படாது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்காக விளக்கை எடுத்து வந்து எதிரே வருபவரின் கண்முன் ஆட்டவும் வேண்டியதில்லை. வாயில் மாடத்தில் வைத்தால் போதும். வழி தேடுவோர் கண்டுகொள்வர். கையொப்பத்தின் கீழ் நாம் எழுதும் வரி அத்தகைய மாடவிளக்காக இருக்கட்டும். அது சொல்வது உண்மையாகவும் சுருக்கமாகவும் படிப்பவர்க்கு உதவுவதாகவும் இருக்குமானால், அதை எழுத எவரும் நாண வேண்டியதில்லை.